பழுது பார்ப்பதா, பாகம் மாற்றுவதா?

திருச்சி தலைமை அஞ்சலகச் சிக்னலில் பச்சை விளக்கு எரிந்தது. என் கார் நகரவில்லை. சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த நேரம் முழுவதும் குளிர்க்காய்ச்சல் கண்டவரைப்போல உதறிக்கொண்டிருந்த என்ஜின், கிளட்சை விட்டதும் ஒருமுறை இருமி அடங்கிவிட்டது. பின்னால் நின்ற பேருந்தின் ஒலிப்பானுக்கு மிரண்டு, அருகில் அமர்ந்திருந்த என் மனைவி கேட்டார்: 'இன்னும் எத்தனை நாளைக்கு இந்த வண்டியைக் கட்டிக்கொண்டு அழப்போகிறீர்கள்?'

நியாயமான கேள்விதான். அதற்குள் மூன்று பணிமனைகளில் 19,500 ரூபாய் கொடுத்திருந்தேன். பழுது மட்டும் போகவில்லை. அது எங்கே இருந்தது, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது, ஏன் அத்தனை பேருடைய கண்ணுக்கும் தப்பியது என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன். இது ஒரு காரின் கதை மட்டுமல்ல. நம் வீட்டில் ஓடும் எல்லா இயந்திரங்களுக்கும் பொருந்தும் ஒரு சந்தைக் குறைபாடு இதற்குள் இருக்கிறது. ஓய்வு பெறும்வரை பொருளாதாரம் கற்பித்த நான் அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். அனுபவித்துக் கற்றது இப்போதுதான்.

வண்டி 2007-ஆம் ஆண்டு இறுதியில் வாங்கியது. நான்கு சிலிண்டர் கொண்ட பெட்ரோல் கார். 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்று அழைக்கும் கோளாறுதான் அதற்கு வந்தது. நான்கு சிலிண்டர்களும் வரிசை தவறாமல் எரிய வேண்டிய இடத்தில், ஏதோ ஒன்று அவ்வப்போது எரியாமல் போய்விடும். நிறுத்தத்தில் ஓடும் ஒரு என்ஜின் நிமிடத்துக்கு 800 முறை சுற்றுகிறது என்று கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் எரிய வேண்டும். அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 1,600 எரிதல்கள் நிகழ்கின்றன. இவற்றில் கால் பங்கு தவறினால் என்ஜின் நொண்டும். காரில் இருப்பவருடைய பல் கிட்டும்.

ஒரு சிலிண்டர் எரிவதற்கு நான்கே தேவைகள் உண்டு. உரிய நேரத்தில் வலுவான தீப்பொறி வேண்டும். அளவான பெட்ரோல் வேண்டும். அதற்கேற்ற காற்று வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. நான்காவதாக, இந்தக் கலவை கசியாமல் அழுத்தப்பட வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் மிஸ்ஸிங் வரும். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் பத்துப் பாகங்கள் இருக்கின்றன. எந்தக் குறையானாலும் ஓட்டுபவருக்குத் தெரியும் அறிகுறி ஒன்றுதான்: உதறல்.

முதல் பணிமனையில் பிளக்குகளை மாற்றினார்கள்; 1,400 ரூபாய். வழக்கமான முதல் படி அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு நாள் வண்டி அமைதியாக ஓடியது. பிளக்தான் காரணம் என்று நானும் நம்பினேன். மூன்றாம் நாள், தஞ்சாவூர் போய்த் திரும்பும் வழியில் உதறல் மீண்டும் வந்தது. அந்த முதல் இரண்டு நாளும் நான் காய்கறிச் சந்தைக்கும் வங்கிக்கும் மட்டுமே போய்வந்தேன், என்ஜின் முழுச்சூடு அடையவே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வதாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்று எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன், சொந்தக் கார் விஷயத்தில் அதையே மறந்தேன்.

இரண்டாவது பணிமனையில் பிளக் வயர்களையும் காயிலையும் மாற்றினார்கள், 6,200 ரூபாய். மாற்றம் இல்லை. மூன்றாவது இடம் சற்றுப் பெரியது. அங்கே ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தார்கள். 'கலவையில் பெட்ரோல் போதவில்லை' என்ற பொருளில் ஒரு குறியீடு வந்தது. பெட்ரோல் பம்ப் மாற்றப்பட்டது. இன்ஜெக்டர்கள் கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டன. புகைப்போக்கியில் உள்ள ஆக்சிஜன் சென்சாரும் புதிதாக வந்தது. அதற்கு 11,900 ரூபாய். ஒரு நாள் காலையில் காம்ப்ரஷன் எனப்படும் அழுத்த அளவையும் எடுத்தார்கள். நான்கு சிலிண்டரிலும் அளவு சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். உதறல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

நான்காவதாகக் கேட்ட இடத்தில் தீர்ப்பே கிடைத்துவிட்டது. 'எல்லாம் மாற்றியாகிவிட்டதே சார், இனி மிச்சம் இருப்பது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிதான். 28,000 ரூபாய் ஆகும். இந்த வண்டிக்கு அது தேவையா? பழைய இரும்புக் கடையில் 30,000 வரை கிடைக்கும், பேசாமல் தள்ளிவிடுங்கள்.' பதினைந்து ஆண்டுகளைக் கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அந்த ஆண்டு இறுதியில் நானும் அதைச் செலுத்தியிருந்தேன். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, தள்ளிவிடுவதே அறிவு என்று தோன்றியது. செலவழித்த பணத்தை நினைத்து மேலும் செலவழிக்கக் கூடாது என்பதும் நான் வகுப்பில் நடத்திய பாடம்தான்.

இதற்கிடையே நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்றார் ஒருவர். எலி வயரைக் கடித்திருக்கும் என்றார் மற்றொருவர். இருவரும் சொன்னது நடக்கக்கூடியதே. ஆனால், நடக்கக்கூடியது வேறு, நடந்தது வேறு. இந்த வேறுபாட்டை எனக்குப் புரிய வைத்தவர் பால்பண்ணைப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்றில் தனியாக வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக். வயது எழுபதை நெருங்கும். என்னுடைய பழைய மாணவர் ஒருவர்தான் வண்டியை விற்பதற்கு முன் அவரிடம் ஒருமுறை காட்டச் சொன்னார்.

அவர் முதலில் பானட்டைத் திறக்கவில்லை, கேள்விகளைத் திறந்தார். உதறல் எப்போது வருகிறது, காலையில் முதல்முறை கிளப்பும்போதா, ஓடிய பிறகா? ஓடிய பிறகு. நிற்கும்போதா, போகும்போதா? நிற்கும்போது, வேகம் எடுத்தால் போய்விடுகிறது. மழையில் கூடுகிறதா? இல்லை. கடைசியாக ஒரு கேள்வி: 'ஐயா, இந்த வண்டி எப்போதாவது கேஸில் ஓடியிருக்கிறதா?' நான் திகைத்தேன். 2010-இல் பெட்ரோல் விலைக்கு அஞ்சி எல்பிஜி கருவி பொருத்தி, 2015-இல் அதைக் கழற்றியிருந்தேன். முந்தைய நான்கு இடங்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய செய்தி என்றே தோன்றவில்லை.

பிறகு வண்டியை அரை மணி நேரம் ஓட்டி, நன்றாகச் சூடேற்றிக் கொண்டுவரச் சொன்னார். உதறிக்கொண்டிருந்த என்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் மின் இணைப்பையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, உடனே திரும்பச் செருகினார். முதலாவதைப் பிடுங்கியதும் என்ஜின் மேலும் தள்ளாடியது. இரண்டாவதிலும் நான்காவதிலும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கியபோது எந்த மாற்றமும் இல்லை. வேலை செய்யாதவருக்கு விடுப்புக் கொடுத்தால் அலுவலகத்தில் என்ன மாற்றம் தெரியும்? பழுது மூன்றாவது சிலிண்டரில். இதைக் கண்டுபிடிக்க ஆன செலவு ஒன்றுமில்லை. நேரம் இரண்டு நிமிடம்.

இந்த ஒரு செய்தி, அதுவரை சொல்லப்பட்ட காரணங்களில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டது. பெட்ரோலில் குறை என்றால் நான்கு சிலிண்டரும் அதே பெட்ரோலைத்தான் குடிக்கின்றன. நான்கும் நொண்ட வேண்டும். பம்பில் குறை என்றாலும் அப்படியே. இந்த வண்டியில் ஒரு காயில் ஒன்று, நான்காம் சிலிண்டர்களுக்கும், மற்றொரு காயில் இரண்டு, மூன்றாம் சிலிண்டர்களுக்கும் தீப்பொறி தருகிறது. காயில் கெட்டிருந்தால் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே படுத்திருக்க வேண்டும். மூன்றாவது மட்டும் படுப்பது அரிது. மிச்சம் இருந்தவை மூன்றாம் சிலிண்டருக்கென்றே உள்ள பிளக், வயர், இன்ஜெக்டர், அதன் அழுத்தம் ஆகியவைதான். பிளக்கையும் வயரையும் இரண்டாவதற்கு இடம் மாற்றினார். பழுது கூடவே போகவில்லை, மூன்றிலேயே நின்றது. இன்ஜெக்டரை மாற்றியபோதும் அதுவே. ஒரு புதிய பாகமும் வாங்காமல் மூன்று சந்தேகங்கள் தீர்ந்தன.

அழுத்தத்தைக் காலையில் பார்த்தார்கள், சரியாக இருந்தது என்று நான் சொன்னேன். 'காலையில் உதறியதா?' என்று கேட்டார். இல்லை. 'உதறாத நேரத்தில் பார்த்தால் எப்படித் தெரியும்?' சூடான என்ஜினிலேயே அழுத்தமானியைப் பொருத்தினார். முதல் சிலிண்டர் 175 பவுண்டு, இரண்டாவதும் நான்காவதும் 170, மூன்றாவது 95. காய்ச்சல் விட்டிருக்கும் நேரத்தில் வெப்பமானி வைத்து, நோயில்லை என்று சான்றிதழ் கொடுத்ததைப்போல இருந்தது முந்தைய சோதனை.

அழுத்தம் இரண்டு வழியாகக் கசியலாம்: கீழே பிஸ்டன் வளையங்கள் வழியாக, அல்லது மேலே வால்வுகள் வழியாக. அவர் சிறிது என்ஜின் எண்ணெயை அந்தச் சிலிண்டருக்குள் விட்டு மீண்டும் அளந்தார். வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்து அளவை உயர்த்தும். அளவு உயரவில்லை. ஆகவே வால்வு. வண்டியை இரவு அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் காலை என்ஜின் ஆறியபின் வரச் சொன்னார்.

இங்கே சற்று நின்று, வால்வின் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். எரிந்த புகை வெளியேறும் வால்வு பல வண்டிகளில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். சூடானால் உலோகம் நீளும். அப்படி நீள்வதற்கு இடம் வேண்டும் என்பதற்காகவே, வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் கைக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி விடப்படுகிறது. நம் ஊர்ப் பணிமனை மொழியில் இதைச் சரிசெய்வதற்கு 'டேப்பட் செட்டிங்' என்று பெயர். இந்த வண்டியில் அது குளிர்ந்த நிலையில் கால் மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

வால்வு வந்து அமரும் வளையத்துக்கு 'சீட்' என்று பெயர். அது தேயத் தேய, வால்வு மேல்நோக்கி ஏறி அமர்கிறது, தண்டின் முனை கையை நெருங்குகிறது, இடைவெளி குறைகிறது. ஒரு கட்டத்தில் இடைவெளியே இல்லாமல் போகிறது. குளிர்ந்திருக்கும்போது வால்வு ஒருவாறு மூடிக்கொள்ளும். சூடாகித் தண்டு நீண்டதும், மூட வேண்டிய நேரத்திலும் மயிரிழை திறந்தே இருக்கும். கலவை அழுத்தப்படும்போது அந்த வழியே கசிந்துவிடும். நிறுத்தத்தில் ஓடும்போது ஒரு அழுத்தத்துக்கு நூறில் நான்கு பங்கு விநாடி கிடைக்கிறது. கசிவதற்கு அது போதும். 3,000 சுற்றில் நூறில் ஒரு பங்கு விநாடிதான். கசிய நேரமில்லாமல் எரிந்துவிடும். காலையில் நலம், மாலையில் நோய். நின்றால் உதறல், ஓடினால் அமைதி என்ற புதிர் முழுவதும் இந்தக் கால் மில்லிமீட்டருக்குள் அடங்கியிருந்தது.

கேஸ் பற்றி அவர் கேட்டதும் இதனால்தான். எல்பிஜி, சிஎன்ஜி போன்ற எரிவாயுக்கள் பெட்ரோலைப்போல நீர்மமாக வந்து வால்வுப் பகுதியை நனைத்துக் குளிர்விப்பதில்லை. அதற்கென வலுப்படுத்தாத சீட்டுகள் அவற்றில் விரைவாகத் தேயும். இது புதிய அறிவும் அல்ல. ஒரு காலத்தில் பெட்ரோலில் கலந்த ஈயம் வால்வு சீட்டுகளுக்கும் ஒரு காப்பாக இருந்தது. 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் அறிமுகமாகி, 2000-இல் நாடு முழுவதும் ஈயம் நீக்கப்பட்டபோது, பழைய வண்டிகள் குறித்து இதே கவலைதான் எழுந்தது. குழந்தைகளின் மூளையைக் காக்க ஈயத்தை நீக்கியது முற்றிலும் சரி. ஆனால், எரிபொருள் மாறும்போது என்ஜினின் எந்த மூலை அதன் விலையைக் கொடுக்கும் என்பதை அறிந்தவர்கள் பழைய தலைமுறை மெக்கானிக்குகளில்தான் மிகுதி.

மறுநாள் காலை மேல் மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய தகடுகளால் அளந்தார். மூன்றாம் சிலிண்டரின் புகை வால்வில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. மற்ற மூன்றிலும் இடைவெளி குறைந்துதான் இருந்தது. அவை இன்னும் நோயாகவில்லை, அவ்வளவே. எட்டு வால்வுகளையும் உரிய அளவுக்குத் திருகி வைத்தார். மூடியின் பழைய கேஸ்கெட்டை மாற்றினார். நான் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தேன். சூட்டோடு மீண்டும் அளந்தார்: மூன்றாவது சிலிண்டர் 160. நிறுத்தத்தில் என்ஜின் ஓடுகிறதா என்பதையே காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

கட்டணம் 900 ரூபாய். அதில் கேஸ்கெட் 400, உழைப்புக்கு 500. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். 'பொருள் போட்டால் காசு கொடுப்பார்கள் ஐயா. பார்த்ததற்குக் காசு கேட்டால் யார் கொடுப்பார்கள்?' என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் பொருளாதாரம் இருக்கிறது. 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை பழைய கார்ச் சந்தையைத்தான் எடுத்துக்காட்டாகக் கொண்டது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சீர்கெடும் என்று அது விளக்கியது. 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பழுது பார்க்கும் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான கருத்தை மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் 1973-இல் முன்வைத்தனர். சில சேவைகளின் தரத்தை வாங்கிய பிறகும் நம்மால் எளிதில் அறிய முடியாது. நம்பி ஏற்பதைத் தவிர வழியில்லை. மருத்துவரின் பரிந்துரையும் மெக்கானிக்கின் பரிந்துரையும் அத்தகையவை. பம்ப் உண்மையிலேயே கெட்டிருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. புதிய பம்பைக் கண்ணால் பார்த்தேன். அதனால் பணம் கொடுத்தேன்.

முந்தைய பணிமனைகள் என்னை ஏமாற்றின என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கண்ணெதிரே தெரிந்த அறிகுறியைப் பின்தொடர்ந்தார்கள். ஸ்கேனர் சொன்னதும் பொய்யில்லை. எரியாத சிலிண்டரிலிருந்து பயன்படாத ஆக்சிஜன் அப்படியே புகைப்போக்கிக்குப் போகிறது. சென்சார் அதைப் பார்த்து, 'காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு' என்று அறிவிக்கிறது. விளைவு காரணமாக வேடமிட்டு வந்தது. அவர்கள் அதை நம்பினார்கள். புதிய வண்டிகளில் இந்தக் குழப்பம் குறைவு. 2013-க்குப் பிறகு இந்தியாவில் பரவலான கண்காணிப்பு முறை, சுழற்சியில் ஏற்படும் நுண்ணிய தடுமாற்றத்தைக் கணக்கிட்டு, பெரும்பாலும் எந்தச் சிலிண்டர் என்று எண்ணையே சொல்லிவிடும். ஆனால், ஏன் என்று அதுவும் சொல்லாது. அந்தக் கேள்வியை மனிதர்தான் கேட்க வேண்டும். நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியை அறிந்து, பிறகே செய்யத் தொடங்க வேண்டும் என்று திருக்குறள் மருந்து அதிகாரத்தில் வகுத்திருக்கும் வரிசை பணிமனைக்கும் பொருந்தும். நாம் நேரடியாகக் கடைசிப் படியில் கால் வைக்கிறோம்.

தவறு தனிமனிதரிடம் இல்லை. விலை நிர்ணயத்தில் இருக்கிறது. பாகத்துக்கு விலை உண்டு, சிந்தனைக்கு விலை இல்லை என்றால், சந்தை பாகத்தைத்தான் தரும். இரண்டு மணி நேரம் சோதித்து 500 ரூபாய் பெறுபவரைவிட, அரை மணி நேரத்தில் 6,000 ரூபாய்ப் பாகத்தை மாற்றுபவர் பிழைத்துக்கொள்வார். அந்தத் தகரக் கொட்டகையில் கற்றுக்கொள்ள இளைஞர் ஒருவரும் இல்லை. காரணம் ஊகிக்க முடியாததல்ல.

அறிவு ஓரிடத்தில் பூட்டி வைக்கப்படுவதும் இதன் மறுபக்கம். உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் தனிப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அதன்மீதான சட்டப் போராட்டம் பின்னர் நீண்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-லேயே வாக்கெடுப்பு மூலம் கார் பழுதுபார்க்கும் உரிமையை ஆதரித்தார்கள். நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கெனக் குழு அமைத்து, வாகனங்களையும் வேளாண் கருவிகளையும் அதன் வரம்பில் சேர்த்தது. நல்ல தொடக்கம். ஆனால், கையேடும் கருவியும் கிடைப்பது பாதி வழிதான். அவற்றைக் கொண்டு சிந்திக்கும் தொழிலாளிக்குக் கூலி கிடைப்பதே மீதிப் பாதி.

இதற்கு அரசை மட்டும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. சோதனைக் கட்டணம் என்று ஒரு வரி பணிமனை ரசீதில் தனியாக இருக்கட்டும். அதை முகம் சுளிக்காமல் கொடுப்போம். பாகத்தை மாற்றும் முன் 'எந்தச் சோதனையில் இது தெரிந்தது?' என்று மரியாதையோடு கேட்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வோம். கழற்றிய பாகத்தைத் திரும்பக் கேட்போம். பழுது எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்பதைக் குறித்துக்கொண்டு போவோம். 'சூடானால், நின்றால்' என்ற இரண்டு சொற்களை நான் முதல் நாளே சொல்லியிருந்தால் பெரும்பணம் மிஞ்சியிருக்கும். வண்டிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, மாற்றிய எரிபொருள் உட்பட அனைத்தையும் எழுதி வைப்போம். என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் உடனே ஓரங்கட்டுவோம். எரியாத பெட்ரோல் புகைப்போக்கியில் உள்ள மாற்றியை எரித்து, சிறு பழுதைப் பெருஞ்செலவாக்கிவிடும்.

தொழிற்பயிற்சி நிலையங்களும் பாகம் கழற்றி மாட்டுவதைக் கற்பிப்பதோடு நில்லாமல், பழுதைத் தேடும் முறையைத் தனிப் பாடமாக வைக்க வேண்டும். தேர்வில் கெட்டுப்போன என்ஜின் ஒன்றைக் கொடுத்து, புதிய பாகம் எதுவும் தராமல் காரணத்தைச் சொல்லச் சொல்லலாம். ஓய்வுபெற்ற மெக்கானிக்குகளை மதிப்பூதியம் கொடுத்து அங்கே அழைக்கலாம். அவர்களோடு மறைந்துபோகும் அறிவு எந்தக் கையேட்டிலும் முழுமையாக இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் வண்டி முற்றிலும் குணமாகிவிடவில்லை. தேய்ந்த சீட் தேய்ந்ததுதான். அது இன்னும் தேயும். ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் இடைவெளியைப் பார்க்க வேண்டும், என்றாவது ஒருநாள் ஹெட்டை இறக்கி சீட் மாற்ற வேண்டியிருக்கும் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்தச் செலவு வரும்போது, வண்டியை வைத்துக்கொள்வதா விடுவதா என்று நானும் மனைவியும் உட்கார்ந்து முடிவெடுப்போம். ஆனால், அது பழுது என்னவென்று தெரிந்து எடுக்கும் முடிவு. தெரியாமல் எடுக்கவிருந்த முடிவில், ஓடக்கூடிய ஒரு வண்டி பழைய இரும்பாகப் போயிருக்கும்.

சென்ற வாரம் 5,000 கிலோமீட்டர் நிறைவடைந்தது. கொட்டகைக்குப் போனேன். இடைவெளியை அளந்து, சரியாகத்தான் இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மூடிவிட்டார். 500 ரூபாய் கொடுத்தேன். 'ஒன்றும் செய்யவில்லையே ஐயா' என்றார். 'பார்த்தீர்களே' என்றேன். சிறிது தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டார்.